கொழுந்து எடுத்த கை

குருவைத் தம்பி என்று கூப்பிட்ட சீடர் ஒருவர் கோத்தகிரிப் பக்கம் இருந்தார். சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தொன்று. அதனால் அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

சீடரின் பெயர் பரிபூரணம். முப்பத்து நான்கு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ஜூன் மாதம் ஓய்வு கொடுத்தார்கள். மாலை போட்டு, ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து, கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார்கள். குடியிருக்கும் தோட்டத்து லைன் வீட்டை மார்ச் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

கணவர் இறந்து பல வருஷம் ஆயிற்று. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஒற்றை அறை வீடு, மனைவி, மூன்று பிள்ளைகள். வந்துவிடும்மா என்று போனில் சொன்னான். எங்கே படுப்பது என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

குருவின் பெயர் நஞ்சன். பக்கத்து ஹட்டிக்காரர், அதாவது படுகர் ஊர்க்காரர். தோட்டத்தை ஒட்டிய சரிவில் போன்சாய் நர்சரி வைத்திருந்தார். தட்டு மாதிரித் தொட்டிகளில் குட்டை மரங்கள், முந்நூறு இருக்கும். நர்சரியின் மூலையில் ஓர் ஓட்டு வீடு காலியாகக் கிடந்தது. மரங்களோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் பரிபூரணம் அங்கே போனார்.

நஞ்சன் அதிகம் பேசுகிறவர் இல்லை. வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் ஒரு முழ உயரமுள்ள மரத்தைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

"அசேலியா. பத்தொன்பது வயசு."

"பத்தொன்பது வயசுக்கு இவ்வளவுதானா?"

"இருபதாவது வயசு வருமாங்கிறது நீங்க தண்ணி ஊத்துறதைப் பொறுத்தது."

பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார். மார்ச்சுக்குள் மரம் பூக்க வேண்டும். பூத்தால் வேலையும் வீடும் அவருக்கு. பூக்காவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும். சாலையில் காரில் போகிறவர்கள் பூவைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறார்கள், பூக்கவைக்கத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு நர்சரி நடத்த முடியாது என்றார். அதில் மறைத்துவைத்தது எதுவும் இல்லை. பரிபூரணத்துக்கும் அது நியாயமாகவே பட்டது.

முதல் வாரம் அவர் அடுப்புச் சாம்பல் ஒரு பிடி கொண்டுவந்தார். லைன் வீட்டில் எதற்கும் சாம்பல்தான் உரம். தொட்டியில் போடப்போனவரை நஞ்சன் தடுத்தார். இதற்குப் புளிப்பு மண்தான் ஆகும், தேயிலை நிற்கிற அதே மண், சாம்பல் அதைக் கெடுத்துவிடும் என்றார். வேலியில் படர்ந்திருந்த, சௌசௌ என்கிற மேரக்காய்க் கொடியைக் காட்டினார். சாம்பல் அங்கே போயிற்று. அந்த வருஷம் மேரக்காய் நிறையக் காய்த்தது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பரிபூரணம் கேட்டார்.

நஞ்சன் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த தொட்டிக்குள் மரத்தைச் சட்டியோடு இறக்கினார். குமிழ் வந்தது. குமிழ் நிற்கும்வரை காத்திருந்து வெளியே எடுத்தார்.

"தூக்கிப் பாருங்க."

பரிபூரணம் தூக்கிப் பார்த்தார்.

"நாளைக்கும் தூக்கிப் பாருங்க. நாளன்னைக்கும்."

அவ்வளவுதான் பாடம். அசேலியாவின் வேர் தலைமயிரை விட மெல்லியது, ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரைக் குடிக்காது, எப்போதும் ஊறினாலும் அழுகிவிடும். இதெல்லாம் பரிபூரணம் தானாகப் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது கனம் மட்டும்தான்.

மற்றவர்களுக்கு இது பிடிபட ஒரு வருஷம் ஆகும். பரிபூரணத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. தொட்டியைத் தூக்கியதும், மத்தியானம் வரைக்கும் தாங்கும் என்றோ இப்போதே வேண்டும் என்றோ சொல்லிவிடுவார். நஞ்சன் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். சரியாக இருக்கும். எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"கூடை சுமந்த முதுகு தம்பி. எடை போடுறவரு கால் கிலோ முழுங்கினா அங்கேயே தெரிஞ்சிரும்."

"சொல்லுவீங்களா?"

"தெரியும்னுதான் சொன்னேன். சொல்லுவேன்னு எங்க சொன்னேன்?"

நஞ்சன் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன்னால் பரிபூரணம் பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசியில் மொட்டு வைத்தது. ஒவ்வொரு கிளை நுனியிலும் அரிசி அளவில் ஒன்று. கீழ்க்கிளைகளில் நெருக்கமாக இருந்தது, மேலே போகப்போகக் குறைந்தது. பரிபூரணம் தினமும் காலையில் எண்ணினார். கீழே அறுபத்தொன்று, மேலே பதினொன்று. எண்ணி முடித்ததும் ஓட்டு வீட்டை ஒரு தடவை பார்ப்பார். ஜன்னல் கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை யார் சரிசெய்ய வேண்டும், தானா நஞ்சனா என்கிற அளவுக்கு யோசனை போய்விட்டிருந்தது.

அக்டோபரில் ஒரு காலை. இரண்டு நாள் மழை விட்டு வெயில் வந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டு செல்லத்தாயி வந்தார். இருவரும் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றவர்கள். பரிபூரணம் தொட்டியை வேலி ஓரத்துக் கட்டைச் சுவரில், வெயில் படும்படி வைத்துவிட்டு நின்றார்.

"என்னடி டாக்டரம்மா, நோயாளி எப்படி இருக்கு?"

"இருக்கு, இருக்கு."

"ஆளுக்கு ஆயிரம் செடி பார்த்தோம் நாம. இப்போ ஒத்தைச் செடிக்கு ஒரு ஆளு. அதுக்கும் ஒரு வாத்தியாரு."

"உனக்கு ஏண்டி வயிறு எரியுது? ரிட்டையர் ஆனதும் வா, உனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன்."

"எனக்கு வேணாம்மா. மிச்சம் இருக்கிற காலத்துக்கும் செடியா?"

பேச்சு நீண்டது. புது மேஸ்திரி வந்திருக்கிறார். பெயர் கூப்பிடும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் காட்டெருமை இறங்கியது. மாரியம்மன் கோயில் பூசாரி மகள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள். செல்லத்தாயி கொழுந்து எடுத்துக்கொண்டே பேசினார். பரிபூரணம் நின்றுகொண்டே பேசினார். கால்மணி நேரத்தில் மேஸ்திரியின் குரல் கேட்டு செல்லத்தாயி நிரையில் மேலே ஏறிப் போனார்.

பரிபூரணம் தொட்டியைத் தூக்கத் திரும்பினார்.

அவருக்குப் பின்னால் தரையில் பச்சையாகச் சிதறிக் கிடந்தது. முதலில் செல்லத்தாயியின் கூடையிலிருந்து விழுந்தது என்று நினைத்தார். குனிந்து எடுத்துப் பார்த்தார். தேயிலை இல்லை.

முப்பத்து நான்கு வருஷம் அந்தக் கை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளித் தோளுக்கு மேலே பின்னால் வீசியிருக்கிறது. வாய் பேசிக்கொண்டிருந்தபோது கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது. முதுகில் கூடை இல்லை என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

மரத்தின் உச்சி மேசைப் பலகை மாதிரி மட்டமாக இருந்தது. சுத்தமான வேலை. பழைய மேஸ்திரிகள் பார்த்தால் பாராட்டியிருப்பார்கள்.

ஆடு மேய்ந்துவிட்டது என்று சொல்லலாமா என்று தோன்றியது. நர்சரியைச் சுற்றிக் கம்பி வேலி இருந்தது. பிறகு, தேயிலைக்குக் கொழுந்து எடுத்தால் எட்டு நாளில் திரும்ப வரும், இதுவும் வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மேலே பதினொரு மொட்டுதான் போயிற்று, கீழே அறுபத்தொன்று இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டார். தொட்டியைப் பெரிய மரங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

எட்டு நாள் ஆயிற்று. மேலே எதுவும் வரவில்லை. பத்து நாள் ஆயிற்று. கிள்ளிய இடங்கள் பழுப்பு நிறமாக மாறின. கீழ்க்கிளைகள் மட்டும் முன்னைவிடச் செழிப்பாகப் பரவின. பதினைந்தாம் நாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நஞ்சனிடம் போய் நடந்ததைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

"எத்தனை நாளாச்சு?"

"பதினஞ்சு."

"நான் பார்த்துப் பதினாலு."

"அப்போ ஏன் தம்பி கேக்கலை?"

"கேட்டா துளிர்க்குமா?"

பரிபூரணம் தொட்டியை மேசையில் இறக்கி வைத்தார். பிறகு, மனதில் இருந்த கேள்வியைக் கேட்டார்.

"தேயிலையை எத்தனை தடவை கிள்ளினாலும் வருதே. இது ஏன் வரமாட்டேங்குது?"

நஞ்சன் எழுந்து நடந்தார். பரிபூரணம் பின்னால் போனார். நர்சரியின் மேல் மூலையில், தோட்டத்துக்காரர்கள் கைவிட்ட ஓடைக்கரையில், ஒரு மரம் நின்றது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே போயிருந்தது. நஞ்சன் அதைக் காட்டி என்ன மரம் என்று கேட்டார். பரிபூரணம் அண்ணாந்து பார்த்தார். ஓர் இலையைப் பறித்துக் கசக்கி மோந்தார்.

"தேயிலை."

"விட்டா இன்னும் போகும். மேலே போகணும்னே நினைக்கிற ரகம். கிள்ளிக் கிள்ளித்தான் இடுப்பளவுல வெச்சிருக்கோம்."

அங்கிருந்து கேட் பக்கம் கூட்டிப்போனார். யாரும் வெட்டாமல் விட்ட அசேலியாப் புதர் ஒன்று அங்கே இருந்தது. முழங்கால் உயரம். ஆனால் கட்டில் அகலத்துக்குத் தரையோடு படர்ந்திருந்தது.

"இதுக்கு உச்சி எங்கே, காட்டுங்க."

பரிபூரணம் சுற்றி வந்து தேடினார். காட்ட முடியவில்லை.

"இதுக்குப் பலம் எல்லாம் கீழே. உச்சிதான் நோஞ்சான். மத்த மரத்துல மேலே வெட்டிக் கீழே காப்பாத்தணும். இதுல கீழே வெட்டணும், மேலே பார்த்துப் பார்த்து விடணும். நான் முதல்லயே சொல்லியிருக்கலாம். உங்களுக்குக் கத்தரி எடுக்கிற காலம் வரலைன்னு விட்டுட்டேன். கத்தரி இல்லாமலே வெட்டுவீங்கன்னு தெரியாது."

மேசைக்குத் திரும்பினார்கள். இனி என்ன செய்வது என்று பரிபூரணம் கேட்டார். நஞ்சன் இரண்டு வழியையும் ஒரே குரலில் சொன்னார். கீழ்க்கிளைகளை அப்படியே விட்டால் மார்ச்சில் பூக்கும், நன்றாகவே பூக்கும். ஆனால் சத்து முழுவதையும் கீழே இழுத்துக்கொள்ளும். உச்சி அடுத்த மழைக்குள் காய்ந்துவிடும். காய்ந்த உச்சி பிறகு வராது, உச்சி போன மரம் போன்சாய் இல்லை, புதர். கீழ்க்கிளைகளை இப்போது வெட்டினால் மேலே துளிர் வரலாம். வராமலும் போகலாம். மொட்டு எல்லாம் வெட்டோடு போய்விடும்.

"இதுல எதைச் செய்யணும்?"

"மரம் உங்ககிட்ட இருக்கு."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"எனக்கு வீடு இருக்கு, அக்கா."

மறுநாள் பெங்களூரில் மலர்க் கண்காட்சி. நஞ்சன் பன்னிரண்டு தொட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஒரு வாரம் ஆகும் என்றார். கத்தரி மேசை மேல் இருந்தது.

பரிபூரணம் மூன்று நாள் அதைத் தொடவில்லை. முந்நூறு மரத்துக்கும் தண்ணீர் பார்த்தார், சருகு பொறுக்கினார், பாசியைச் சுரண்டினார். தேயிலைக் காட்டில் கவ்வாத்து, அதாவது கிளை வெட்டுவது, ஆண்கள் வேலை. கத்தி அவர்கள் கையில் இருக்கும். பெண்கள் துளிரைத் தொடலாம், கட்டையைத் தொடக் கூடாது. இத்தனை வருஷத்தில் ஒரு செடியையும் அவர் வெட்டியதில்லை.

பூத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அறுபத்தொரு பூவுக்கு நடுவில் காய்ந்த உச்சியை யார் பார்க்கிறார்கள்? அடுத்த மழைக்குள் அவர் ஓட்டு வீட்டில் அடுப்பு மூட்டியிருப்பார். அதற்குள் வேலையும் பழகியிருக்கும். ஒரு மரம் போனால் இன்னொன்றைச் சரியாக வளர்க்கலாம். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இந்தக் கணக்கில் தப்பு தெரியவில்லை.

நான்காம் நாள் காலையில் தொட்டியை மேசைக்குக் கொண்டுவந்தார். ஓட்டு வீட்டைப் பார்த்தார். இந்தத் தடவை சீக்கிரம் பார்வையை எடுக்கவில்லை. ஓடு, கதவு, தொங்கிய ஜன்னல், புகை போகிற ஓட்டை, எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்தார்.

முதல் கிளையில் எட்டு மொட்டு. கவ்வாத்துக்காரர்கள் சாய்வாக வெட்டுவதைப் பார்த்திருந்தார். அதே மாதிரி வெட்டினார். கட்டை நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அடுத்த கிளையிலிருந்து மொட்டை எண்ணவில்லை.

நஞ்சன் திரும்பி வந்து மரத்தைப் பார்த்தார். வெட்டிய வாய்களை விரலால் தடவினார். இரண்டு இடத்தில் இன்னும் ஒட்ட வெட்டியிருக்கலாம் என்றார்.

டிசம்பரில் உறைபனி விழுந்தது. பரிபூரணம் தினமும் சாயங்காலம் தொட்டியின் மேல் சாக்கு போட்டு மூடினார், வெயில் ஏறியதும் எடுத்தார். ஜனவரி முழுவதும் அது உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியவில்லை. பிப்ரவரி நடுவில் உச்சியின் வலப்பக்கம் மூன்று துளிர் வந்தது. இடப்பக்கம் வரவில்லை. தொட்டபோது தீக்குச்சி மாதிரி முறிந்தது.

மார்ச்சில் நர்சரி முழுக்கப் பூத்தது. வெள்ளை, ரோஸ், சிவப்பு. கார்கள் வரிசையாக நின்றன. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் எல்லாத் தொட்டியையும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர், இந்தத் தொட்டிக்கு எதிரில் நின்று, இதற்கு ஏதாவது நோயா என்று கேட்டார். கவ்வாத்து பண்ணியிருக்கிறது என்று பரிபூரணம் சொன்னார். அந்த அம்மாள் அடுத்த தொட்டிக்குப் போனார்.

இருபத்தெட்டாம் தேதி மகன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை டெம்போ எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். பரிபூரணம் சாமான்களைக் கட்டி முடித்தார். மறுநாள் காலை நர்சரிக்குப் போய்த் தொட்டியைத் துடைத்து நஞ்சனின் மேசையில் வைத்தார்.

உட்காரச் சொன்னார் நஞ்சன். பரிபூரணம் உட்காரவில்லை. வரப்போகிற ஆளிடம் சொல்லச் சொல்லி ஒவ்வொன்றாகச் சொன்னார். வலப்பக்கத்துத் துளிர் மூன்றிலும் யாரும் கை வைக்கக் கூடாது. கீழே பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், தடித்து எழுந்தால் வெட்டிவிட வேண்டும். இடப்பக்கம் வெற்றிடமாக இருக்கிறது, ஒரு துளிரைக் கம்பி கட்டி மெதுவாக அந்தப் பக்கம் திருப்பலாம், ஆனால் இந்த வருஷம் வேண்டாம். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் நிழலில் வைக்க வேண்டும். இந்தச் சட்டி மற்றதைவிடக் கனம், தூக்கிப் பார்க்கிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

நஞ்சன் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"வெட்டும்போது என்ன நினைச்சீங்க?"

"வீட்டை நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வெட்டினேன்."

நஞ்சன் தொட்டியைத் திருப்பி, முறிந்த பக்கத்தைப் பார்த்தார். துளிர்ப் பக்கத்தைப் பார்த்தார். வெளியே யாரோ காரை நிறுத்திக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து போகவில்லை.

"மார்ச் முடியுது," என்றார் பரிபூரணம். "பூக்கலையே, தம்பி."

"பூ கேட்டது நான். மரம் கேட்கலை," என்றார் நஞ்சன். "ஓட்டு வீட்டுக்கு உங்க சாமான் ஜீப்புல எத்தனை நடை வரும்?"

பரிபூரணம் கட்டிவைத்த மூட்டைகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.